நாலு கம்பி வாத்தியம்

இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கண்ணாடி மேஜைமேல் மல்லாக்கக் கிடக்கிறது, எண்ணெய் தேய்க்கப் படுக்கப்போட்ட குழந்தை மாதிரி. நாலே கம்பி. உகுலேலே. பேரைச் சொல்லவே நாக்கு சுளுக்குகிறது. கடைக்குள் வந்து மூன்று தடவை சொன்னேன், மூன்றும் மூன்று விதமாக வந்தது. கடைசியில் "நாலு கம்பி வாத்தியம்மா, கிட்டார் போட்ட குட்டி" என்றேன். கடைக்காரம்மா சிரிக்காமல் எடுத்து வைத்தாள். நூர்ஜஹான் என்று மேஜைமேல் பேர்ப்பலகை. ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, காதில் பென்சில். "யாருக்குய்யா, பேரப்பிள்ளைக்கா?" "இல்லை." "உங்களுக்கா?" "என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?" "எழுபத்தஞ்சு வயசுல வயலின் கத்துக்க வர்றவங்க இருக்காங்க. கேட்டா ஒரு தப்பா?" "சிநேகிதனுக்கு. சொகமில்லாதவன். மூவாயிரத்துக்குள்ள. பொம்மை வேண்டாம்." சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியுமா தெரியவில்லை. முழங்கால் இல்லை, வேறு ஏதோ. மூன்று நாளாக அடிவயிற்றில் ஒரு குளிர். பதினொரு மணி வெயில், தெப்பக்குளத்துப் பக்கம் ஜனம் குடை பிடித்துக்கொண்டு போகிறது, எனக்குக் குளிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருதயராஜுக்கு எழுபது முடிகிறது. அவனுக்குத்தான் இது. பக்கவாதம் வந்து ஆறு மாதம். வலது கை பாதி செத்துவிட்டது. பேச்சு முழுசாகப் போய்விட்டது. முழுசாக என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை இருக்கிறது. அதை இப்போது நினைக்க வேண்டாம். வாத்தியத்தைப் பார். சுவரெல்லாம் கிட்டார் தொங்குகிறது, வீணை உறை போட்டு நிற்கிறது, மூலையில் தபேலாக்கள். எல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்கின்றன. யாராவது தொட்டால் பேசும். தொடாமல் இருந்தால் நல்லது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாளாம் அவன் வீட்டுக்கு. பேச்சு வருகிற வழி வேறு, பாட்டு வருகிற வழி வேறு என்று சொன்னாளாம். கிட்டார் பெரிசு, வேண்டாம், மடியில் வைக்கிற மாதிரி சின்னதாக ஒன்று வாங்குங்கள், இடது கை நன்றாயிருக்கிறது, அது அழுத்தட்டும், வலது கட்டைவிரல் சும்மா தடவினால் போதும். பிலோமினா போனில் இதைச் சொன்னாள். அவன் சம்சாரம். "நான் வாங்கித் தர்றேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். பிலோமினாவுக்குத் தெரியாது. "உங்க கையாலயே குடுங்கண்ணே, நேர்ல வந்து" என்றாள். அங்கேதான் குளிர் ஆரம்பித்தது.

முதலில் வைத்தது பொம்மை. பிளாஸ்டிக் வாசனை. கட்டையின் ஓரத்தில் கையை ஓட்டினேன், பித்தளைக் கட்டைகளின் முனை விரலைக் கீறியது. தள்ளிவிட்டேன். அடுத்து ரெண்டு எடுத்து வைத்தாள். ஒன்று கொஞ்சம் பெரிசு, வெளிர் மரம், பளபளப்பு. இன்னொன்று சின்னது, காப்பிக்கொட்டை நிறம், பளபளப்பு இல்லை. "ரெண்டும் நீங்க சொன்ன காசுக்குள்ளதான். பெருசு தெருமுனை வரைக்கும் கேக்கும். சின்னது பக்கத்துல உக்காந்தாத்தான் கேக்கும்." "பெருசு" என்றேன். "வாசிச்சே பாக்கலையே?" "சத்தம் வேணும்." "கழுத்து நேரா இருக்கான்னு பாருங்க, ஒரு கண்ணை மூடிக்கிட்டு…" "அது எனக்குத் தெரியும்." முப்பத்தாறு வருஷம் ரயில் இன்ஜினிலிருந்து தண்டவாளத்தைப் பார்த்த கண். வாத்தியத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கழுத்து ஓடுகிறது. குறுக்கே பித்தளைக் கட்டைகள், ஸ்லீப்பர் கட்டை மாதிரியே, போகப் போக நெருங்கி. நாலு கம்பி, ரெண்டு பாதை. தூரத்தில் போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு சிக்னல் கம்பம் நிற்க வேண்டும். நிற்கிறது. சட்டென்று இறக்கி வைத்துவிட்டேன். "வளைஞ்சிருக்கா?" என்றாள். "இல்லை. நேராத்தான் இருக்கு." நேராகத்தான் இருந்தது. அன்றைக்கும் நேரான பாதை. வளைவு கிடையாது, மரம் மறைக்கவில்லை, மழை இல்லை. வேண்டாம். இருதயராஜ் எனக்கு உதவி டிரைவர், பதினோரு வருஷம். இன்ஜினில் இடது பக்கம் நான், வலது பக்கம் அவன். சிக்னல் கண்ணில் பட்டதும் உதவி கையை நீட்டி நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். டிரைவர் பார்த்து, கையை நீட்டி, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் அவன் மறுபடி சொல்வான். திருப்பிச் சொல்லும் வரை சொல்லிக்கொண்டே இருப்பான். வேலையே அதுதான். எங்களுக்கு அது எலும்பில் ஏறிவிட்டது. டீக்கடை வாசலில் நின்று கையை நீட்டி "பஜ்ஜி சூடு!" என்பான். நானும் கையை நீட்டி "பஜ்ஜி சூடு!" என்பேன். கடைக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். பொன்மலையில் அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எட்டிப் பார்த்து, பிலோமினா முகத்தைப் பார்த்து, என்னிடம் திரும்பி கையை நீட்டுவான். "மஞ்சள்ணே!" "மஞ்சள்!" சில நாள் ரெட்டு. "ரெட்டுண்ணே, திரும்பிப் போயிருவோம்!" உள்ளேயிருந்து பிலோமினா கரண்டியோடு வருவாள். "வெளிய போயிட்டு வர்ற ரெண்டு கழுதைங்களுக்கும் நான் சிக்னல் கம்பமா?" சிரித்தோம். எத்தனை சிரிப்பு. அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது திரும்பி வந்து என் கழுத்தைப் பிடிக்கிறது.

வார்த்தை அதுதான். ரெட்டு. நினைத்துவிட்டேன், போகட்டும். போன மாதம் பிலோமினா போன் பண்ணினாள். குரலில் சந்தோஷம். "அண்ணே, ஒரு வார்த்தை வந்திருச்சு!" எனக்கும் சந்தோஷம்தான், என்ன வார்த்தை என்று கேட்கும் வரை. என்ன கேட்டாலும் அதையே சொல்கிறானாம். காப்பி வேணுமா, ரெட்டு. வலிக்குதா, ரெட்டு. சிவப்புச் சட்டையை எடுத்துக் காட்டினாளாம், சிவப்பு வாளி, சிவப்புப் போர்வை, மாதா படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பு. தலையை ஆட்டிவிட்டு மறுபடி ரெட்டு. மூன்று நாளைக்கு முன்னால் பேசியபோது சந்தோஷம் போய்விட்டது. "என்னைத்தாண்ணே சொல்றாரு. பழைய கேலி ஞாபகம் இருக்குல்ல. நான் கோவமா இருக்கேன்னு நினைக்கிறாரு. ஆறு மாசமா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலைண்ணே நான். முகம் அப்படி ஆயிருச்சோ என்னவோ. கண்ணாடியைப் பாத்துப் பாத்து சிரிச்சுப் பழகறேன்." கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகுகிறாள். அறுபத்தாறு வயதில். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது நீ இல்லை என்று சொல்ல ஒரு வினாடி ஆகும். சொல்லவில்லை. வாத்தியம் வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த வார்த்தையின் மேல் போட்டு மூட ஏதாவது ஒரு சத்தம். பெரிய சத்தம். தெருமுனை வரை கேட்கிற சத்தம். "ஐயா" என்கிறாள் நூர்ஜஹான். "என்ன?" "சுருதி சேத்துட்டேன், கேளுங்க." பெரிசின் தலையில் ஏதோ கிளிப் மாதிரி மாட்டியிருக்கிறாள். சின்னக் கண்ணாடி, அதில் ஒரு விளக்கு. "இது என்ன?" "சுருதி பாக்கற மெஷினு. சிவப்பு எரிஞ்சா சேரலைன்னு அர்த்தம். பச்சை வந்தா சரி." கம்பியைத் தட்டினாள். பச்சை. ரெண்டாவது கம்பி. பச்சை. முறுக்காணியை விட்டுவிட்டாள். மூன்றாவது கம்பி பச்சையாக எரிந்து, நாங்கள் பார்க்கும்போதே நழுவி சிவப்பாகிறது. "புதுக் கம்பி இப்படித்தான், இழுத்துக்கிட்டே இருக்கும். நாலஞ்சு நாள் திருப்பித் திருப்பி முறுக்கணும்." "அதைக் கழட்டும்மா" என்றேன். "எதை?" "அந்த விளக்கை." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

மாசி மாதம். மதியம் ரெண்டரை. சரக்கு வண்டி. எந்தப் பாதை, எந்த ஊர், வேண்டாம். பிலோமினா கட்டிக் கொடுத்த தயிர்சாதம், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூக்கில், மாவடு ஆறு. நாலு நான் தின்றேன். அதுவரைக்கும் எல்லாம் நினைவிருக்கிறது, வடுவின் காம்பு வரைக்கும். பிறகு இல்லை. கண் திறந்துதான் இருந்தது. அதுதான் கொடுமை. திறந்த கண்ணோடு தூங்கியிருக்கிறேன். முந்தின சிக்னல் மஞ்சளாம். சரியாக மஞ்சள் என்று திருப்பிச் சொன்னேனாம், கை தானாக வேகத்தைக் குறைத்ததாம். அடுத்தது கேட் சிக்னல். அவன் கையை நீட்டி "ரெட்டு" என்றான். நான் கையை நீட்டி "கிரீன்" என்றேன். காலையிலிருந்து நாற்பது கிரீன் சொன்ன வாய். நாற்பத்தோராவதும் சொல்லிவிட்டது. அவன் "ரெட்டு" என்றான். நான் "கிரீன்" என்றேன். என் வாயே என்னைத் தாலாட்டியது, கிரீன் என்ற சத்தம் எனக்குக் கேட்டது, ஆக எல்லாம் சரி என்று எனக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்தது. மூன்றாவது தடவை கத்திக்கொண்டே அவன் பக்கத்து பிரேக்கை இழுத்தான். கண் விழித்தேன், அதாவது பார்த்தேன். கம்பம் பின்னால் போயிருந்தது. முன்னால் திறந்த கேட். தண்டவாளத்தின்மேல் டிராக்டர். வண்டி நிறையக் கரும்பு. கரும்புமேல் ரெண்டு பொம்பளைகள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். இன்னொருத்தி கரும்பைக் கடித்தபடி என்னைப் பார்க்கிறாள். பல் கரும்பில் பதிந்திருக்கிறது. இழுக்கவில்லை. வண்டி நின்றபோது இன்ஜினுக்கும் அவளுக்கும் நடுவில் ரெண்டு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம். டிராக்டர் போய்விட்டது, கேட் மூடியது, நாங்களும் போனோம். ஆனால் அவள் இன்னும் கடித்தபடியே இருக்கிறாள். இருபத்தொன்பது வருஷமாக. பல் தேய்க்கும்போது வருவாள். சாப்பிட உட்காரும்போது வருவாள். என் சம்சாரம் செத்த அன்றைக்குக்கூட வந்தாள். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். உதவியாளர் கிரீன் என்று சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன், பிறகுதான் சிவப்பைக் கண்டோம். கிரீன் என்ற சத்தம் கேட்டது சத்தியம். யார் வாய் என்பதை மட்டும் மாற்றினேன். மட்டும். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னைப் பார்த்தான். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பார்த்தான். பிறகு சொன்னான், "டிரைவர் சொல்றது சரியாத்தான் சார் இருக்கும்." வெளியே வந்து தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "டீ குடிக்கலாமாண்ணே?" என்றான். குடித்தோம். பஜ்ஜி சூடாக இருந்தது. அவன் கையை நீட்டவில்லை. எனக்குச் சம்பளத்தில் வெட்டு, ரெண்டு வருஷம் ஷெட்டுக்குள் மட்டும் வண்டி. தண்டனை பாதியாகப் பங்கு பிரிந்ததால் வேலை தப்பியது. அவனுக்கு டிரைவர் பரீட்சை எழுதத் தடை. தடை தீர்ந்தும் அவன் எழுதவில்லை. கடைசிவரை வலது பக்க சீட்டு. ஏன்டா எழுதலை என்று நான் கேட்டதே இல்லை. பிலோமினா கேட்டிருக்கிறாள், என் முன்னாலேயே. "அண்ணன் ஓட்டுறாருல்ல, போதும்" என்றான். அதற்கு என்ன அர்த்தம்? கிண்டலா, மன்னிப்பா? இருபத்தொன்பது வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

"ஐயா, வேர்க்குதே உங்களுக்கு. தண்ணி குடிங்க." பாட்டிலை நீட்டுகிறாள். குளிர்கிறது, வேர்க்கிறது, ரெண்டும் ஒன்றாக. இடது கைச் சுண்டுவிரல் காலையிலிருந்து மரத்துப்போன மாதிரி இருக்கிறது. படுத்த வாக்கு என்று நினைத்தேன். படுத்த வாக்குத்தான். பிரஷர் மாத்திரை போட்டேனா? போட்டேன். இல்லை, நேற்றுப் போட்டது நினைவு. அவனுக்கும் இப்படித்தான், சட்டைப் பொத்தான் போடும்போது விரல் கேட்கவில்லையாம், அரை மணிதான், கீழே கிடந்தான். எனக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் நான் மட்டும். வரட்டும், செத்தால் சரி. சாகாவிட்டால்? எல்லா வார்த்தையும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சினால்? எது மிஞ்சும்? அவன் மண்டையில் எல்லாம் இடிந்து விழுந்து, அடியில் நின்றது உண்மை. என் மண்டையில் எது நிற்கும்? கிரீன். படுத்த படுக்கையாக, எச்சில் வழிய, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி கிரீன், கிரீன். காப்பி வேணுமா, கிரீன். வலிக்குதா, கிரீன். பிலோமினா பார்க்க வருவாள். அவள் வருவாள், அவள் அப்படிப்பட்டவள். தண்ணீரை மடமடவென்று குடிக்கிறேன். பாதி சட்டையில். "சின்னதைத்தான் எடுங்க, நான் சொல்றேன்ல" என்கிறாள் நூர்ஜஹான். "சொகமில்லாதவருன்னீங்க. லேசா இருக்கும், மடியில நிக்கும், கட்டைவிரல்ல தொட்டாலே போதும். பெருசு கொஞ்சம் இழுத்துத் தட்டணும்." "பெருசைக் கட்டு." "எதுக்குய்யா அவ்வளவு சத்தம்? பொம்மலாட்டமா போடப்போறாரு?" "உனக்கு விக்கணுமா வேண்டாமா?" "விக்கத்தான் கடை. தப்பானதை வித்துட்டு அப்புறம் உங்க கிட்ட வசவு வாங்க இல்லை." அவள் பாட்டுக்கு சின்னதை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினாள். கேட்டும் கேட்காமலும் நாலு சொட்டு. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து விழுமே, அப்படி. நல்ல சத்தம். அதனால்தான் வேண்டாம். இந்தச் சத்தத்துக்கு நடுவில் எவன் என்ன பேசினாலும் கேட்கும். அவன் வாய் திறந்தால் கேட்கும். அஞ்சு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தின் பாதி மலர்ந்தது. வாயைத் திறந்தான். "ர்… ர்ர்…" பிலோமினா, உங்க பேரைச் சொல்லப் பாக்கறாருண்ணே என்றாள். என் பேர் வையாபுரி. அதில் எங்கே அந்த எழுத்து முதலில் வருகிறது? பஸ் போயிரும் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று ஓடுகிற பாதை. அன்றிலிருந்து மூட்டுவலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோக்காரனிடம் கொடுத்து அனுப்பிவிடலாம். விலாசம் எழுதிக் கொடுத்தால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜுரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெரிசை உறையில் போட்டு, கட்டி, விலாசம் எழுதி. நூர்ஜஹானிடம் காகிதம் கேட்க வாயைத் திறக்கிறேன், சட்டைப் பையில் போன் அடிக்கிறது. பிலோமினா. எடுக்காமல் இருக்கலாம். எடுத்துவிட்டேன். "அண்ணே, கடைக்குப் போயிட்டீங்களா?" "கடையிலதான் இருக்கேன்." "காலையிலேர்ந்து விடாம சொல்றாருண்ணே. தொண்டை கட்டிப்போச்சு. தட்டைத் தள்ளிட்டாரு. நான் என்ன தப்பு செஞ்சிருந்தாலும் மன்னிச்சிருங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டேன். அதுக்கும் அதையேதான் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை பேசுங்கண்ணே. இந்தாங்க." "வேண்டாம்மா, ஞாயித்துக்கிழமை…" அதற்குள் அவன் காதில் வைத்துவிட்டாள். மூச்சு கேட்கிறது. கரகரவென்று. அந்த மூச்சு எனக்குத் தெரியும், பதினோரு வருஷம் நாலடி தூரத்தில் கேட்டது. கட் பண்ணு. விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்து. "ரெட்டு." அழுகை இல்லை. கோபம் இல்லை. நான் பயந்த குரல் இல்லை இது. டூட்டிக் குரல். தட்டையாக, தெளிவாக. கொஞ்சம் இடைவெளி. எவ்வளவு இடைவெளி என்று உடம்புக்குத் தெரிகிறது, டிரைவர் திருப்பிச் சொல்ல விடுகிற நேரம். நான் சொல்லவில்லை. "ரெட்டு." குற்றம் சொல்லவில்லை அவன். கணக்குத் தீர்க்கவில்லை. டிரைவர் திருப்பிச் சொல்லவில்லை, அதனால் மறுபடி சொல்கிறான், அவ்வளவுதான். கேட் திறந்து கிடக்கிறது, வண்டி போய்க்கொண்டிருக்கிறது, நான் தூங்குகிறேன், இருபத்தொன்பது வருஷமாக அவன் வேலையைப் பார்க்கிறான். முக்காலியிலிருந்து எழுந்து நிற்கிறேன். எப்படி எழுந்தேன்? வலது கை முன்னால் நீள்கிறது. "ரெட்டு" என்கிறேன். எலி கத்துகிற மாதிரி வருகிறது. "ரெட்டு" என்கிறான் அவன். கேட்கவில்லை போலிருக்கிறது. இன்ஜின் சத்தத்தில் இப்படி முனகினால் எவனுக்குக் கேட்கும்? நெஞ்சு வெடிக்கிற மாதிரி மூச்சை இழுத்து, கையை விறைப்பாக நீட்டி, கத்தினேன். "ரெட்டு!" சுவரில் தொங்குகிற கிட்டார் எல்லாம் யாரும் தொடாமல் முணங்குகின்றன. வீணை உறைக்குள்ளே ஏதோ அதிர்கிறது. நூர்ஜஹான் காதிலிருந்து பென்சில் விழுந்து உருள்கிறது. போனில் சத்தமே இல்லை. ஒன்று. ரெண்டு. மூன்று. கொன்றுவிட்டேனா? நாலு. பிறகு ஒரு நீளமான மூச்சு, வண்டி நின்ற பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்று போகுமே, அப்படி, போய்க்கொண்டே இருக்கிறது.

"அண்ணே? என்ன சொன்னீங்க அவர்கிட்ட? வாயை மூடிட்டாரு. தலையணையில சாஞ்சு என்னையே பாக்கறாரு. அண்ணே, அவருக்கு என் மேல கோவம் இல்லையா?" நாக்கில் ஒரு பொய் தயாராக நிற்கிறது. எப்போதும் நிற்கும். பயிற்சிப் பெண் சொன்ன வைத்தியம்மா, அதான் திருப்பிச் சொன்னேன், நல்லாக் கேக்குது பார். நாற்பது தடவை சொன்ன வாய், நாற்பத்தொன்று சொல்ல எவ்வளவு நேரம். "இல்லம்மா" என்கிறேன். "உனக்கு இல்லை. உன்னை அவன் ஒண்ணும் சொல்லலை. எனக்குச் சொன்னான். இத்தனை வருஷமா எனக்குத்தான் சொல்லிக்கிட்டிருக்கான்." "என்னண்ணே சொல்றீங்க?" "ஞாயித்துக்கிழமை வேண்டாம். இப்ப வர்றேன். வந்து சொல்றேன். கேட்டுட்டு என்னை வீட்டுக்குள்ள வச்சுக்கறதும் வெளிய தள்ளுறதும் உன் இஷ்டம்." "பயமுறுத்தாதீங்கண்ணே." "நானும் பயந்துக்கிட்டுதான் இருக்கேன். சோறு போட்டு வை அவனுக்கு, இப்ப சாப்பிடுவான்." வைத்துவிட்டேன். கை நீட்டியபடியே இருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. மற்றக் கையால் பிடித்து இறக்கினேன். நூர்ஜஹான் குனிந்தாள். பென்சிலைப் பொறுக்கிக் காதில் செருகிக்கொண்டு, ரெண்டு வாத்தியத்தையும் பார்த்து, என்னைப் பார்த்தாள். "சின்னது" என்றேன். "சத்தம் வேணும்னீங்க." "கிட்டப் போய் உட்கார்ந்து கேட்டுக்கிறேன்." உறையில் போட்டுத் தந்தாள். தோளில் மாட்டினால் கனமே இல்லை. சுண்டுவிரல் மரத்துத்தான் இருக்கிறது, வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. ரோட்டோரத்தில் நிற்கிறேன். முதுகில் கம்பிகள் என் மூச்சுக்குத் தானாகச் சிணுங்குகின்றன. பொன்மலை பஸ் தூரத்தில் வருகிறது. அதற்கு முன்னால், வெயிலில், கரும்புக் கட்டின்மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வாயில் கரும்பு. என்னைப் பார்த்தபடியே கடித்து இழுக்கிறாள். சடக்கென்று முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.